தொட்டிக்கு மேல் ஒரு தார்ப்பாய்

எடைமேடையில் வேலை பார்ப்பவனுக்கு லாரிக்காரர்கள் ‘தராசு’ என்று பெயர் வைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்ச நாள் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பெயரின் அருமை முழுசாகத் தெரியும். ஒரு ஜோடி செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குவான், மூன்று வாரம் யோசிப்பான், கடைசியில் பழைய செருப்புக்கே தையல் போட்டுக்கொண்டு வருவான்.

இருபத்திரண்டு வருடமாக அவன் உட்காரும் அறை ஆறடிக்கு ஆறடி. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் ஏறும், எடை காட்டும், சீட்டை வாங்கிக்கொண்டு எங்கெங்கோ போய்விடும். இவன் போவது வீட்டுக்கு மட்டும். வீட்டில் அக்கா. அப்பா அம்மா போன பிறகு அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இவனும் செய்துகொள்ளவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்கு இவன் தலை தெரியாவிட்டால் ஐந்து ஐம்பதுக்கு அவள் தெருமுனையில் நிற்பாள். “எங்கடா போன?” என்று நாற்பத்தேழு வயது ஆளை நடுத்தெருவில் கேட்டால் அவன்தான் என்ன செய்வான்? அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடப்பான். இந்தத் தெருவைத் தாண்டி அவன் வாழ்க்கை போகவில்லை. அது இவளால்தான் என்று அவன் முழுசாக நம்பினான்.

மூச்சு விட இருந்த ஒரே இடம் மொட்டை மாடி. அங்கே ஒரு பழைய சிமென்ட் தொட்டியும் அதில் தங்கமீன்களும். மீனுக்குத் தீனி வாங்கப் போய்த்தான் வண்ணமீன் கடைக்காரியோடு பழக்கம். புருஷன் இறந்து ஆறு வருடமாகத் தனியாகக் கடை நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் என்று போவான். தீனிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் நிற்பான். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“வெளியூர்ல ரெண்டு குளம் குத்தகைக்கு எடுத்திருக்கேன். கடையக் காலி பண்றேன். நீங்களும் வாங்க” என்றாள் ஒருநாள். “வேலைக்கு ஆள் கூப்பிடல. புரியுதா?”

புரிந்தது. காது வரை சூடேறிவிட்டது அவனுக்கு. சந்தோஷத்தில் நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“முந்தாநேத்துதான் குஞ்சு பொரிச்சிருக்கு. விட்டுட்டு வர முடியாதுங்க. நிறம் ஏறினதும் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடறேன்.”

மற்றவர்கள் இதை நொண்டிச் சாக்கு என்பார்கள். அவள் மீன்காரி, ஒப்புக்கொண்டாள். தங்கமீன் குஞ்சு பிறக்கும்போது தங்கமாகப் பிறப்பதில்லை. சேற்று நிறத்தில்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் போனால்தான் வயிற்றுப் பக்கமிருந்து சிவப்பு ஏறும். மீன் வளர்ப்பவர்களுக்குள் ‘நிறம் ஏறட்டும்’ என்றால் அது நாள் குறித்த மாதிரி.

“மூணு மாசம்” என்றாள் அவள்.

“மூணு மாசம்” என்றான் அவன்.

குஞ்சுகளை அவன் வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். பெரிய மீன்கள் முட்டையைத் தின்றுவிடும் என்று முன்பே அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றியிருந்தான். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து ஊட்டினான். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் ஆற வைத்து, தினமும் இரண்டு செம்பு மட்டும் மாற்றினான். பெரிய குஞ்சு சின்னதை விழுங்கிவிடாமல் வாரத்துக்கு ஒருமுறை பிரித்துவிட்டான். பெற்ற தாய்கூட இவ்வளவு பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

இரண்டாம் மாதக் கடைசியில், ஒரு காலை, ஒரு குஞ்சின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது. இது ஏறினால் மற்றதும் ஏறும். ஏறினால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் அக்காவிடம் சொல்ல வேண்டும். அன்று முழுவதும் எடைமேடை அறையில் சுவரைப் பார்த்து, “அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்” என்று சொல்லிப் பார்த்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மாலையில் அந்தக் குஞ்சைப் பாட்டிலில் போட்டு, தூரதேசம் போகிற லாரிக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டான். அதே லாரிக்காரனிடம் ஒரு பழைய தார்ப்பாய் கேட்டு வாங்கி வந்து தொட்டிக்கு மேல் இழுத்துக் கட்டினான்.

காக்காய்க்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெயிலே படாமல் வளர்கிற குஞ்சுக்கு நிறம் சீக்கிரம் ஏறாது என்பது இந்த வேலையில் அரிச்சுவடி. அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கட்டினான், பாவி.

மூன்று மாதம் முடிந்து பத்தாம் நாள் கடைக்காரி நேரில் வந்தாள். கீழே வாடகை வண்டியில் அவளுடைய கண்ணாடித் தொட்டிகள் ஏறியிருந்தன. மாடிக்கு வந்தவள் தார்ப்பாயை ஒதுக்கி, உள்ளே கை விட்டு ஒரு குஞ்சை அள்ளினாள்.

“நல்ல உடம்பு. ரெட்டை வால் அழகா விரிஞ்சிருக்கு. ஒரு குறையும் இல்ல” என்றவள் தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தாள். “இத எப்பக் கட்டினீங்க?”

“ஒரு மாசம் இருக்கும். காக்கா…”

“காக்காய்க்கு வலை கட்டுவாங்க.”

அவள் குஞ்சை மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

“வர விருப்பமில்லன்னு வாயால சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? இதுங்கள எதுக்கு இருட்டுல போட்டீங்க?”

விருப்பம் இருக்கிறது என்று கத்தத் தோன்றியது அவனுக்கு. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டது.

அவன் கீழே வந்தபோது அக்கா கூடத்தில் நின்றிருந்தாள்.

“என்னடா, அவ மட்டும் போறா?”

“உன்னத் தனியா விட்டுட்டு எப்படிக்கா…”

“என்னையா?” அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவ போன மாசமே வந்து எங்கிட்டப் பேசிட்டுப் போனா. தாராளமாக் கூட்டிட்டுப் போன்னுதான் சொன்னேன். உன் வாயால வரட்டுமேன்னு சும்மா இருந்தேன். என்கூட வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி இருக்காளே, அவளும் நானும் சேர்ந்து இருக்கறதாப் பேசி முடிச்சாச்சு. அவ எனக்கொரு ரூம் சுத்தம் பண்ணி வச்சிருக்கா. நானும் ஒரு நாளாவது மணி பார்க்காம இருக்கலாம்னு நினைச்சேன்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா போனை எடுத்து சிநேகிதியின் எண்ணை அழுத்தினாள்.

“நான்தான். ரூமை வேற யாருக்காவது குடுத்துடு. இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. இவன் போகல.”

நீயாவது போக்கா, என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயைக்கூடத் திறந்தான். அக்கா போனை வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள், கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“சாப்பிட என்ன வைக்கட்டும்?”

“எதையாவது வை” என்றான் தராசு.