இரண்டாவது மைக்

பாட்டின் கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்குவதற்குள் அவர் மைக்கைத் திறந்து, "என்ன மாப்ளே, எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் எதிர் நாற்காலியைப் பார்த்தார். காலி. அதன் முன்னால் இருந்த இரண்டாவது மைக்குக்கு உறை போட்டிருந்தது. மாப்பிள்ளை இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. இத்தனை ஞாயிறும் அந்தக் கேள்வி வாய்க்கு வராமல் பார்த்துக்கொண்டவருக்கு இன்று நாக்கு முந்திக்கொண்டது. வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உறை போட்ட மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த வீடுகளிலெல்லாம் ரேடியோ பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கும்.

ஹெட்ஃபோனுக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு குரல் வந்தது.

"என்ன அவசரம் மச்சான்? நான் ஏறாம பஸ் கிளம்பிடுமா?"

அவர் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கீழே போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவது தெரிந்தது.

விஷயம் சின்னதுதான். நிலையத்தில் ஒரு மெஷின் உண்டு. ஒலிபரப்பில் சத்தமே இல்லாமல் போனால் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கும். பிறகு தானாகவே ஒரு பழைய பதிவை ஓடவிடும்.

"எப்பவோ கைக்குக் கிடைச்ச பதிவைப் போட்டு வச்சது சார்" என்றாள் அந்தப் பெண். முகம் வெளுத்திருந்தது. "இதுவரைக்கும் ஓடினதே இல்ல. உங்க பழைய நிகழ்ச்சின்னே எனக்குத் தெரியாது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொன்ன மாதிரியே இருந்துதும்மா."

"எல்லா வாரமும் நீங்க அதையேதான சார் கேப்பீங்க? அவரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான செய்வாரு?"

அது உண்மை. தலை நரைக்கும் முன்பு இருவரும் சேர்ந்து ஆரம்பித்த நிகழ்ச்சி அது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, சலவைக்கடைக்கு மேல்மாடியில், சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டிய அறையில். மற்ற நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடையில் அவருக்குப் பெயர் 'ரேடியோ'. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், டவுன் பஸ் டிரைவர். ஊரில் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசையை வாசிப்பவர்கள் நாலைந்து பேர் தேறுவார்கள். முடிவெட்டுகிறவர் ஒருவர், தபால்காரர் ஒருவர் என்று. அவர்களை ஒவ்வொருவராக மாடிக்குக் கூட்டி வந்து வாசிக்க வைப்பார்கள்.

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "ஒருத்தன் ஒரு வரி பாடுவான். நிறுத்துவான். கிட்டார் பதில் சொல்லும். அவனுக்கு நம்பிக்கை வராது. அதே வரியைத் திரும்பப் பாடுவான்."

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். மாப்பிள்ளை உடனே வாயைத் திறக்க மாட்டார். மூச்சை இழுப்பார், நிறுத்துவார், அதற்குப் பிறகுதான் ஏதாவது குத்தலாக விழும். ஜனங்கள் பாட்டைவிட அந்த இழுவையைத்தான் ரசிக்கிறார்கள் என்பது மாப்பிள்ளையின் கட்சி. போன மழைக்கு முன்பு ஒரு நாள் காலை, பஸ்ஸை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். பயணிகள் வெகுநேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்களாம்.

அன்று மாலை அவர் தங்கை வீட்டுக்குப் போனார். பழைய பதிவின் பிரதியைப் பென் டிரைவில் எடுத்துப்போயிருந்தார். தங்கை ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் போடவில்லை.

"கேட்டியாம்மா?"

"ம்."

"அது மெஷின் பண்ணின கூத்து. பழைய பதிவு. இந்தா, முழுசா இதுல இருக்கு. வேணுங்கிறப்போ போட்டுக் கேளு."

அவள் கையை நீட்டவில்லை. "நான் போட்டா அது பதிவுதானண்ணா. தானா வந்தாத்தான் அவரு."

"பைத்தியமாட்டம் பேசாத."

"அன்னிக்குக் காலைல சண்டை. உனக்குத் தெரியாது. ஒண்ணுமில்லாத விஷயம், குடையை எங்கயோ விட்டுட்டு வந்துட்டாரு. இனிமே எங்கிட்டப் பேசவே வேணாம்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனாரு." முந்தானையால் ரேடியோவின் மேல் படிந்த தூசியைத் துடைத்தாள். "இன்னிக்குப் பேசினாரே. கோபம் போயிடுச்சுன்னு அர்த்தமா? அடுத்த வாரமும் கேளுண்ணா. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

அவர் பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நிலைய மேலாளர் அம்மா கடுமையாகவே சொல்லிவிட்டார். இன்னொரு முறை மெஷின் ஓடினால் நிகழ்ச்சி கிடையாது. அந்த நேரத்தை வீட்டுமனை ஆலோசனைக்காரர்கள் ஏற்கெனவே கேட்டு நச்சரிக்கிறார்கள். பழைய பதிவையும் மாற்றியாக வேண்டும்.

"திங்கட்கிழமைதான் மாத்துவேன் சார்" என்றாள் டெக்னீஷியன், வயரைச் சுருட்டியபடி. "ஞாயித்துக்கிழமை அப்படியேதான் இருக்கும். நான் உங்ககிட்ட எதுவும் சொல்லல."

அடுத்த ஞாயிறு அவர் முதலில் செய்த காரியம், இரண்டாவது மைக்கின் உறையைக் கழற்றியது. அந்த நாட்களில் இருந்தது போலவே இருக்கட்டும் என்று நினைத்தார். நாற்காலியைக்கூடச் சரியான தூரத்துக்கு இழுத்துப் போட்டார். முடிவெட்டுகிறவர் வாசித்த மெதுவான பாட்டு ஒன்றை ஒலிபரப்பினார். இதுதான் கடைசிப் பாட்டாக இருக்கும் என்று தெரிந்தே ஒலிபரப்பினார். அது முடிந்ததும் இரண்டு மைக்கையும் திறந்தார்.

"என்ன மாப்ளே, எப்படி?"

காத்திருந்தார். மெஷின் ஓடவில்லை.

மறுபடி காத்திருந்தார். போன வாரம் இதற்குள் குரல் வந்துவிட்டது. சத்தத்தை அளக்கும் முட்கள் இரண்டும் அவர் முன்னால் இருந்தன. அவருடைய மைக்கின் முள் படுத்துக்கிடந்தது. இரண்டாவது மைக்கின் முள் கீழே விழவில்லை. லேசாக எழுந்து, லேசாகத் தாழ்ந்து, மறுபடி எழுந்தது. அவர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். முள் அதன் பாட்டுக்கு ஆடியது. மின்விசிறி நின்றிருந்தது. கதவு மூடியிருந்தது. சத்தம் இல்லாவிட்டால்தான் மெஷின் ஓடும். அறையில் சத்தம் இருப்பதாக அது நினைத்தது.

கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அவர் அடுத்த பாட்டைத் தட்டிவிட்டார். 

மாலை தங்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மெஷின் ஓடலம்மா. ஏன்னு தெரியல."

"மூச்சு கேட்டுச்சு" என்றாள்.

"என்னோடதா இருக்கும்."

"உன் மூச்சு எனக்குத் தெரியாதா? உனக்கு மூக்கடைப்பு, குழாய்ல காத்து வர்ற மாதிரி இருக்கும். இது அவரு. பேசறதுக்கு முன்னாடி இழுப்பாரே, அது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இழுக்கறாரு, நிறுத்தறாரு. இழுக்கறாரு, நிறுத்தறாரு. அங்கதான் இருக்காரு, பேசமாட்டேங்கறாரு. அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருக்காருண்ணா."

அவர் தெருவிளக்கு எரியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. டெக்னீஷியன் பழைய பதிவை எடுத்துவிட்டு ஒரு பியானோ இசையைப் போட்டாள். மெஷினைச் சோதித்தாள். சத்தத்தை நிறுத்தியதும் ஒழுங்காக ஓடியது. முந்தின நாள் ஒலிபரப்பு எங்கும் நிற்கவில்லை என்று அது காட்டியதால் மேலாளர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நிகழ்ச்சி தொடரும். அவர் கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்தார். ஒன்று உடைந்தது. மதியம் சாப்பிடப் போகும் வழியில் தங்கை வீட்டுப் பக்கம் எட்டிப்பார்த்தார். அவள் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரேடியோவுக்கு எதிரே, நிலையத்தில் இருப்பது போலவே, ஒரு காலி நாற்காலி போட்டிருந்தது.

வெயில் அதிகமாக இருந்தது. அவர் கடைக்குத் திரும்பினார்.