எதிர்க் கரைக்கு மூணு டிக்கெட்

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

"சார், குடும்பத்தோட முதல் ஃபாரின் டூருக்கு எங்க போலாம்னு ஊரையே ஐடியா கேட்டீங்க. சரி. ஆனா நீங்க பாண்டிச்சேரிக்காரரு. வீட்டு பக்கத்துல கடலை வச்சிக்கினு, இன்னொரு நாட்டுக் கடலைப் பாக்க ஃபிளைட் புடிச்சிப் போறேன்றீங்களே... இன்னா சார் நியாயம் இது?"

நியாயமான கேள்விதானே? வேறு ஏதாவது வாரமாக இருந்தால் இந்த ஒரு கேள்வியை வைத்தே என் பத்திரிகைப் பக்கத்தை ஓட்டியிருப்பேன். என்னை நானே நாலு இடத்தில் கலாய்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு வரி போட்டு முடித்திருப்பேன். உங்களுக்கும் அது பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

இந்த வாரம் அது முடியவில்லை. அவருக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? என் மகள் நித்யா வேலைக்குப் போக ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. "இந்த வருஷம் நாம எல்லாரும் ஃபாரின் போறோம். செலவு என்னுது. நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டாள். எங்கள் தெருவில் வெளிநாடு போவது பெரிய விஷயமே இல்லை. எதிர் வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார் — பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டில் பாரீஸ் போவது எங்கள் வீட்டில் விழுப்புரம் போகிற மாதிரி. நாங்கள்தான் பெங்களூரைத் தாண்டியதில்லை.

நித்யா ஒரு லிஸ்ட் எடுத்து வந்தாள். புக்கெட், பாலி, மாலத்தீவு, மொரீஷியஸ், இலங்கை.

எல்லாமே கடல்!

நான் மலை, மலை என்று தலைகீழாக நின்றேன். நேபாளம் என்றேன். பூட்டான் என்றேன். அந்தக் கட்டுரையில் உங்களிடமும் ஆதரவு கேட்டேன். உப்புக் காத்து எனக்கு ஆகாது, வெயிலில் கறுத்துப்போவேன், அரை டிராயர் போட்டால் என் காலைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் ஓடிவிடுவார்கள் — இப்படியெல்லாம் காரணம் அடுக்கினேன். நீங்களும் சிரித்துவிட்டு, "ஒழுங்கா பீச்சுக்குப் போங்க சார்" என்று எழுதினீர்கள்.

அந்தக் காரணம் எல்லாம் பொய்.

எனக்கு ஒரு மகன். அருள். நித்யாவுக்கு ஏழு வயது மூத்தவன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேரான கதையைக்கூட உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இவனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலேஜ் சிநேகிதர்கள் நாலு பேரோடு பைக்கில் கிளம்பினான். நோணாங்குப்பம் தாண்டித் தெற்கே ஒரு மணல் கரைக்குக் குளிக்கப் போனார்கள். மதியம் நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

அருளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் உடம்பு கிடைக்கவே இல்லை.

மீனவர்கள் அத்தனை பேரும் தேடினார்கள். படகை எடுத்துக்கொண்டு கடலூர் வரை போய்ப் பார்த்தார்கள். நான் நாலு நாள் அந்தக் கரையிலேயே நின்றேன். என்னிடம் ஒருவர் வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க சார், எதுனா தெரிஞ்சா சொல்லி அனுப்பறோம்" என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போது எங்கள் வீடு பீச் ரோட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது. அதைக் காலி பண்ணிக்கொண்டு கருவடிக்குப்பம் வந்தோம். ஆனால், பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? டவுனில் கிழக்கே திரும்புகிற தெரு எல்லாம் கடலில்தானே போய் முடிகிறது! என் மனைவி செல்வி அதற்கு ஒரு தனி வரைபடமே மனசில் வைத்திருக்கிறாள். பெரிய மார்க்கெட்டுக்கு எந்தத் தெரு வழியாக நடந்தால் கடல் தெரியாது, ஆட்டோக்காரர் எந்த முனையில் திரும்பினால் "வாணாம்பா, நேராவே போ" என்று சொல்ல வேண்டும்... எல்லாம் அத்துப்படி. மாசி மகத்தன்று ஊர்ச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குக் குளிக்கப் போகும். ஊரே பின்னால் போகும். செல்வி கதவைச் சாத்திக்கொள்வாள். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதுகூட மேற்கே பார்த்துத்தான் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை ஒரு காலத்தில். பன்னிரண்டு வருஷமாக மீன் உள்ளே வந்ததில்லை. தெருவில் மீன் விற்கிற அம்மா எங்கள் வீட்டைத் தாண்டும்வரை குரல் கொடுக்க மாட்டார். நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவராகவே அப்படிச் செய்கிறார்.

சொந்தக்காரர்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை என்றாலும் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம், பையனுக்குப் போகிற வழி கிடைக்கும் என்றார்கள். செல்வி கேட்கவில்லை. சுவரில் அருள் போட்டோ இருக்கிறது, மாலை இல்லை. ரேஷன் கார்டில் நாலு பேர் அப்படியே இருக்கிறோம்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

ஏன் தெரியுமா? ஐந்தாம் நாள் கரையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். செல்வி பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் சுவர் ஓரமாகக் கிடந்தாள். அவளையும் இழந்துவிடுவேன் என்று பயந்துபோனேன். பக்கத்தில் உட்கார்ந்து, "செல்வி, நடுக்கடல்ல கப்பல் எவ்ளோ போவுது தெரியுமா? யாராவது தூக்கியிருப்பாங்க. வேற ஏதோ நாட்டுல எறக்கி விட்டிருப்பாங்க. புள்ளைக்கு நெனவு தப்பியிருக்கும். தேறி வர நாளாவும்" என்றேன்.

ஒரு முட்டாள்தனமான பொய். சின்னக் குழந்தைகூட நம்பாது. ஆனால் அவள் எழுந்து உட்கார்ந்தாள், தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள், ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அப்புறம் அந்தப் பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது? நல்ல நாள் பார்க்கலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி வாரா வாரம் எழுதுகிறவன், வீட்டில் ஒரு உண்மையைச் சொல்லத் துப்பில்லாமல் இருந்தேன்.

போன மாதம் பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார். "நாலு பேர் இருக்கு. மூணு பேருதான் அப்ளை பண்ணியிருக்கீங்க. இந்த அருள் யாரு, எங்க?" என்றார்.

செல்விதான் பதில் சொன்னாள்.

"என் பையன் சார். வெளியூர்ல இருக்கான்."

நித்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அடக் கடவுளே, நான் சொன்ன பொய் இன்னும் இவளுக்குள் உயிரோடு இருக்கிறதே! அவர் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் நித்யா கடல் லிஸ்ட்டோடு வந்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். அம்மாவை எப்படியாவது ஒரு கடலுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நான் மலைக்கு இழுத்தேன். அவள் கடலுக்கு இழுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அவளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

செல்வி பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து நின்றாள். இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறவள்...

"நித்யா, நம்ம கடலுக்கு எதிர்ப் பக்கம் எந்த ஊரு?"

நித்யா மேப்பைத் திறந்து, பாண்டிச்சேரியிலிருந்து நேராகக் கிழக்கே விரலால் கோடு இழுத்தாள். "மொதல்ல அந்தமான் வருதும்மா. ஆனா அது நம்ம நாடு. ஃபாரின் இல்ல."

"அது நடுவுல கெடக்குற தீவு. கரை எங்க வருது?"

"இதோ, பர்மா. அங்க இப்போ போக முடியாதும்மா. கொஞ்சம் கீழ வந்தா தாய்லாந்து. நாம லிஸ்ட்ல வச்சிருக்கோமே, புக்கெட், அது இங்கதான் இருக்கு. நேர் எதிர்னு சொல்ல முடியாது. தள்ளி இருக்கு."

"தள்ளி இருந்தா பரவால்ல. அங்கயே போலாம்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

நித்யாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பயம். பன்னிரண்டு வருஷம் கடலையே பார்க்காதவள், எதிர்க் கரையைக் கேட்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? பிள்ளையைத் தேடப் போகிறாள்! அந்த ஊர்க் கடைத்தெருவில் முப்பத்தோரு வயதுப் பையன்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடக்கப் போகிறாள். கிடைக்க மாட்டான். அப்புறம் இவளை யார் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது?

மறுநாள் சாயங்காலம் மாடிக்குப் போனேன். காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மேற்கே பார்த்து.

"செல்வி... அன்னிக்கு நான் சொன்னேனே, கப்பல்காரங்க தூக்கியிருப்பாங்கன்னு..."

"ம்."

"அது பொய். எங்கிட்ட யாரும் அப்படிச் சொல்லல. நானா சொன்னது. நீ சாப்பிடணுமேன்னு."

ஒரு சட்டையை மடித்து முடித்தாள். அப்புறம் சொன்னாள்.

"தெரியுங்க."

"எப்போலேருந்து?"

"நீங்க சொன்ன அன்னிக்கே. அது கூடவா எனக்குத் தெரியாது?"

"அப்புறம் எதுக்கு எழுந்து வந்து சாப்பிட்ட?"

"நீங்க மட்டும் நாலு நாளா இன்னா சாப்ட்டீங்க? கன்னம் ஒட்டிப்போயி, மூஞ்சியே பாக்க முடியல. நான் எழுந்து சோறு போட்டாதான் நீங்களும் ரெண்டு வாய் சாப்புடுவீங்கன்னு வந்தேன்."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவளைக் காப்பாற்றினேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மனிதன் நான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதேன், அதற்கென்ன.

"அந்தப் போலீஸ்காரர்கிட்ட வெளியூர்னு சொன்னியே?"

"வாசப்படியில நின்னுக்கினு, யாரோ ஒருத்தர்கிட்ட அதச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

"சரி, எதுக்கு அந்தக் கரை? எல்லாம் தெரிஞ்சும்?"

துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். கிழக்கே திரும்பினாள். வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவில், அங்கே கொஞ்சூண்டு நீலம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் காரியம் பண்ணு, காரியம் பண்ணுன்னாங்க. இந்தக் கரையில நின்னு பண்ணா, புள்ளைய நாமளே அனுப்பி வைக்குற மாதிரி இருக்கும். எனக்கு மனசு ஒப்பல. அந்தக் கரையில நின்னு பண்ணுவோங்க. வந்து சேந்துட்டான்னு நெனச்சிக்குவேன். இத்தினி வருசமா ஒண்டியா வந்துக்கினு இருக்கான்... யாராவது போயி நிக்க வாணாமா?"

துணி மூட்டையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நித்யாவிடம் சொன்னோம். அவள் அம்மா மடியில் தலை வைத்து ரொம்ப நேரம் படுத்திருந்தாள். அப்புறம் எழுந்து, எள்ளும் பச்சரிசியும் தர்ப்பையும் ஃபிளைட்டில் கொண்டுபோக விடுவார்களா என்று போனில் தேட ஆரம்பித்தாள். செல்வி அருளின் நீலச் சட்டை ஒன்றைப் பெட்டியில் முதலில் வைத்திருக்கிறாள். வந்து சேர்கிறவனுக்கு மாற்றுத் துணி வேண்டுமாம்.

அரியாங்குப்பம் வாசகரே, நியாயம் கேட்டீர்களே. இதுதான் சார்.

நேற்று மிஷன் வீதியில் டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டிவிட்டு வந்தோம். ஒரு படிவம் கொடுத்தார், நான்தான் பூர்த்தி செய்தேன். அதில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு சின்னக் கட்டம்.

மூணு பேருக்கும் 'சுற்றுலா' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.