நான் சொல்லாத நிமிடங்கள்

எண்பதுகளில் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில், அறுவைச் சிகிச்சை அறைத் தாதியாக இருந்தேன். அன்று கிள்ளானைச் சேர்ந்த ஓர் ஆசிரியைக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம். அதைச் சரிசெய்யும்வரை ரத்தம் வரும் குழாயை டாக்டர் கிளிப் போட்டு அடைத்தார்.

"பத்து நிமிஷத்துக்கு மேல போனா ஆபத்து. நேரத்தச் சொல்லிக்கிட்டே இருங்க" என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

எட்டு என்றேன். ஒன்பது என்றேன். "பத்து, டாக்டர்" என்றதும், "வாய மூடுங்க, கை நடுங்குது!" என்று கத்தினார். மூடிக்கொண்டேன். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளிப்பை எடுத்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"பத்துன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன்.

ஆசிரியை கண் விழித்தார். பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை. வார்டில் அவர் கணவர் என்னை நிறுத்திக் கேட்டார்.

"நான் சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா இவ பேசியிருப்பா, இல்ல மிஸ்ஸி?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கட்டிலில் கிடந்த ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போய்விடுமே என்றுதான் அன்று பயந்தேன். வேலை போகவில்லை, பென்ஷனும் வாங்குகிறேன். அந்த மனிதர் மட்டும் கடைசிவரை தன்னையே குற்றவாளி என்று நினைத்திருப்பார்.