டென்மார்க் விருந்தாளிகளும் கழிப்பறைத் தாழ்ப்பாளும்

நடுவில் நின்று மொழிபெயர்ப்பவனுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தெரிய வேண்டும். நன்னிலம் பக்கத்தில், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியர். ஐப்பசி தோறும் டென்மார்க்கிலிருந்து நாலைந்து பேர் பிள்ளைகளோடு பழக ஒரு வாரம் வருவார்கள். சம்பந்தி வீடுகளுக்கு இடையே தூது போனவர்களுக்கு என் பாடு புரியும்.

முன்னேற்பாடு

பெண் பிள்ளைகளின் கழிப்பறைத் தாழ்ப்பாள் ஆடி மாதமே கழன்று விழுந்துவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காது என்று ஏழாம் வகுப்புக் கயல்விழி பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. விருந்தாளிகளுக்காக முகப்புச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை அம்மாவிடம் தாழ்ப்பாளை நினைவுபடுத்தினேன். வந்தவர்கள் முன்னால் வீட்டுக் குறை தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. வாளிச் சுண்ணாம்பைக் கலக்கிப் பார்த்தபடி சொன்னார்: “வர்றவங்க முன்பக்கமாத்தானே சார் வருவாங்க?”

நடவு

வந்தவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து நாற்று நட ஆசைப்பட்டார்கள். நடவு ஆட்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். விருந்தாளிகள் முன்னால் நடந்தார்கள். நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டே போனார்கள். பிள்ளைகள் வரப்பில் விழுந்து சிரித்தார்கள். தாங்கள் நட்டது எப்படி என்று விருந்தாளிகளில் மூத்தவரான பிர்கிட் என்ற அம்மாள் கேட்டார். நடவுக்குத் தலைமையான மாரியம்மா, படம் பிடித்து முடித்திருந்தால் கரையேறச் சொல்லுங்கள், நாங்கள் முதலிலிருந்து நட வேண்டும் என்றார். ராசியான கை என்று பாராட்டுவதாக நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிர்கிட் மாரியம்மாவைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற கயல்விழிக்கு அந்த அளவு ஆங்கிலம் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். “மாரியம்மா அத்தை அப்படிச் சொல்லலையே சார்.”

கேள்வி நேரம்

வீட்டில் எத்தனை பேர் என்று பிள்ளைகள் பிர்கிட்டைக் கேட்டார்கள். நானும் ஒரு பூனையும் என்றார். மறுநாள் அவர் மேசையில் பதினோரு டிபன் பாக்ஸ், அதில் ஒன்றில் பூனைக்கென்று வறுத்த நெத்திலி. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என் காதருகே வந்து கேட்டான்: “அவங்க ஊர்ல பக்கத்து வீடே கிடையாதா சார்?”

கடைசி நாள்

பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பிர்கிட் கேட்டார். கயல்விழி எழுந்து, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்தார். உங்கள் அன்பே போதும் என்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். பிர்கிட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கயல்விழி உட்காரவில்லை. நேராகப் போய் பிர்கிட்டின் கையைப் பிடித்தாள். பள்ளிக்குப் பின்னால் அழைத்துப்போய், கழிப்பறைக்குள் நிற்கவைத்து, வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்தாள். நாங்கள் எல்லோரும் வந்து சேர்ந்ததும் கையை எடுத்தாள். கதவு தானாக விரியத் திறந்துகொண்டது. உள்ளே பிர்கிட், எதிரே மொத்தப் பள்ளியும். அவர் என்னை மட்டும் பார்த்து, முதலிலேயே இவள் இதைத்தான் சொன்னாளா என்று கேட்டார்.

கயல்விழி என் பக்கம் திரும்பினாள். “இதையாவது உள்ளபடி சொல்லுங்க சார்.”

தாழ்ப்பாள் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. எட்டு வருஷமாக நான் பார்த்துவரும் மொழிபெயர்ப்பு வேலையைக் கயல்விழி ஒரு கதவிலிருந்து கையை எடுத்தே முடித்துவிட்டாள்.