செபஸ்தியான் எழுதிய நாற்பது பூதங்கள்

செபஸ்தியான் போய்விட்டான் என்று செல்லையா வந்து சொன்னபோது, நான் ஆபீசில் ஒரு சுற்றறிக்கையை ஸ்டென்சிலில் தட்டிக்கொண்டிருந்தேன். "காமாலை முத்திட்டுவே. காலையில போயிட்டான்" என்றான். ரங்கநாதன் தெருவில் அவன் வேலை பார்க்கும் துணிக்கடையிலிருந்து, கையிலிருந்த மீட்டர் கோலைக்கூட வைக்காமல் ஓடிவந்திருந்தான். நான் அவனிடம், "இந்த வரியை முடிச்சிட்டு வரேன்" என்றேன். எந்த மனுஷனாவது அப்படிச் சொல்வானா? ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. முடித்தும் பார்த்தேன். ஒரே வார்த்தையை மூன்று முறை தட்டியிருந்தேன்.

அவன் நினைவாக இந்தப் பூதப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டும், முன்னால் நாலு வார்த்தை எழுது என்று ரமணி என் தலையில் கட்டிவிட்டான். நான் டைப்பிஸ்ட். பிறர் எழுதியதைத் தட்டிப் பழக்கம். எங்கே தொடங்குவது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஆட வந்து போன உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

மயிலாப்பூரில் இருக்கும் ரமணிக்கு அவன் அண்ணா அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டை அனுப்பியிருந்தார். பலகை கிடையாது. ஒருவன் ஒரு பாழடைந்த கோட்டையை வாயாலேயே சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் உள்ளே நுழைவோம். எதிரே பூதம் வரும். பகடை உருட்டி அதை அடிக்க வேண்டும். மூன்று சின்னப் புத்தகங்கள் வந்திருக்க வேண்டுமாம். வந்தது இரண்டுதான். பூதங்களின் பட்டியல் உள்ள புத்தகத்தைக் காணோம். "என்னடா இது, எதை அடிக்கறதுன்னே தெரியாம எப்படி ஆடறது? ஆத்துல வேற எல்லாரும் சிரிச்சிண்டிருக்கா" என்று ரமணி தலையில் கை வைத்துக்கொண்டான். "வுடு நைனா, நான் எழுதித் தரேன்" என்றான் செபஸ்தியான். அவன் எங்கள் ஆபீசில், நான் ஸ்டென்சில் தாளில் தட்டிக் கொடுப்பதை சைக்ளோஸ்டைல் மிஷினில் சுற்றிப் பிரதி எடுப்பவன், ஊரூர் குப்பத்துக்காரன், அவன் வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆள். அந்த மாதிரிப் பட்டியல் ஒன்றை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்களில் யார்தான் பார்த்தோம்?

பகடையிலும் ஒரு கூத்து நடந்தது. அந்த ஊர்ப் பகடைக்குப் பல முகமாம். எங்களிடம் இருந்தது ரமணி வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை. முதல் ஞாயிறே எனக்கு ஒன்று விழுந்தது. "தாயம்!" என்று நான் துள்ளிக் குதித்தேன். ரமணி புத்தகத்தைப் பார்த்து, ஒன்று விழுந்தால் படுதோல்வி, உன் கத்தி உன் காலிலேயே விழுந்துவிட்டது என்றான். தாயம் விழுந்து தோற்றவன் உலகத்தில் உண்டா? ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் செபஸ்தியான்தான், "புக்கு அவங்க ஊருது, கட்டை நம்ம ஊருது. கட்டை சொல்றத கேளு" என்றான். அதற்கப்புறம் தாயம் போட்டவன் ஜெயித்தான், மறுபடியும் உருட்டினான். அவன் எழுதிய பூதங்கள் எல்லாமே அந்தக் கணக்குக்குத்தான் பலம் வைத்து எழுதப்பட்டவை.

ஒவ்வொரு பூதத்துக்கும் மூன்று வரி. எவ்வளவு பலம், அதற்கு என்ன வேண்டும், எப்போது போகும். "பூதம் சும்மா வராது நைனா. அதுக்கு இன்னாவோ வேணும். அத்த குட்துட்டா அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்" என்பான். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் மூச்சைத் திருடும் ஒன்றை எழுதினான். அதற்கு வேண்டியது உட்கார ஓர் இடம். எல்லாப் புடவையையும் பிரித்துப் போடச் சொல்லி ஒன்றும் எடுக்காமல் போகும் ஒன்றை எழுதினான். "ஏ, இதை நான் தினமும் பாக்கேன்லா! பத்துப் பலம் காணாதுவே, இருபது போடு" என்று செல்லையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செபஸ்தியான் உடனே பத்தை அடித்துவிட்டு இருபது போட்டான்.

இனிமேல்தான் எனக்குக் கை ஓடவில்லை.

நாற்பது ஆனதும் நோட்டை என்னிடம் கொடுத்து ஸ்டென்சில் வெட்டச் சொன்னான். இருபத்தெட்டாவதற்கு 'கரையில் நிற்பவள்' என்று பெயர். பலம் என்ற இடம் காலியாக இருந்தது. வேண்டியது: யாராவது வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும். எப்போது போகும்: போகாது. அவ்வளவுதான். பலம் இல்லாத பூதத்தை எப்படி ஆடுவது? எழுதி முடிக்காமல் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மிஷின் அறை என் மேஜையிலிருந்து பத்தடி. கேட்கவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினேன். எண்களை மாற்றவும் மறந்துபோனேன். அதனால் முதல் பதிப்பில் இருபத்தேழுக்குப் பிறகு இருபத்தொன்பது வரும்.

மிஷினைச் சுற்றியவன் அவன்தான். மை காயாத தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் அந்தப் பக்கத்தில் நின்றான். விரலை வைத்தான். எடுத்தான். "நல்லா வந்துகீது நைனா" என்றான். அப்புறம் இரண்டு ஞாயிறு வந்தான். அதோடு நின்றுவிட்டான். ஆபீசில் எப்போதும் போலத்தான் இருந்தான். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினான், என் குடையை இரவல் வாங்கித் தொலைத்தான். கோபம் என்றால் கோபமாக இருக்க வேண்டாமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் செல்லையாதான் சொன்னான். செபஸ்தியானுக்கு ஓர் அக்கா இருந்தாளாம். அவள் புருஷன் போன படகு திரும்பவில்லை. தினமும் கரையில் போய் நிற்பாளாம். ஒரு மழைக்காலத்தில் அவளையும் காணவில்லை. "உமக்குத் தெரியாதாவே?" என்றான். தெரியாது. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். எனக்குத் தெரியாது.

அவன் காமாலையில் படுத்ததும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனவன் நான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "வலைதின்னிய ரமணி எப்டி மடக்கினான்?" என்று தன் பூதங்களில் ஒன்றைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். சிரித்தான். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் விரட்டினார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

ஏழாம் நாள் ஜெபத்துக்குக் குப்பத்துக்குப் போனோம். மீன் காயப்போட்டிருந்த சந்து வழியாக ரமணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். செபஸ்தியானின் மனைவி மேரி அந்த நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ரமணி அவளிடம், "இந்தத் தடவை நாற்பதையும் முழுசாப் போட்டுடறோம்மா. இருபத்தெட்டையும் சேர்த்து" என்றான். அவனைப் பொறுத்தவரை அது நல்ல வார்த்தை. எனக்கும் அப்போது மார்பிலிருந்து பாரம் இறங்கினாற்போல இருந்தது.

மேரி என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க அத்த டைப்பு அடிக்காம வுட்டது நல்லதாப் போச்சுன்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றாள். "அடிச்சிருந்தீங்கன்னா, அடுத்த ஞாயித்துக்கெழமையே எவனாவது தாயம் போட்டு எங்க நாத்தனாரச் சாவடிச்சிருப்பானாம்."

செல்லையா தரையைப் பார்த்தான்.

"அப்புறம் ஏன்மா வராம நின்னுட்டான்?" என்றேன்.

"அது தெர்ல அண்ணே. நானும் கேட்டேன். எழுதியாச்சு, இனிமே இன்னா கீதுன்னாரு."

அதை எனக்காகச் சொல்லிவைத்துவிட்டுப் போனானா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தானா? மனசு ஆறவில்லை என்பதால் வராமல் போனானா, ஆறிவிட்டது என்பதால் வராமல் போனானா? நான் செய்தது தப்பா, உபகாரமா? நண்பர்களே, எனக்குத் தெரியவில்லை. நாலு பேரிடம் கேட்டேன். நாலு விதமாகச் சொன்னார்கள். ரமணி மட்டும், "அவன் கையெழுத்துல இருக்குடா, அதை விட்டுடறதுக்கு நமக்கு உரிமை இல்லை" என்றான். வெட்டுவதா வேண்டாமா என்று நேற்று வரைக்கும் அந்த ஒரு ஸ்டென்சிலை மட்டும் தள்ளி வைத்திருந்தேன்.

அவனுடையதாக என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: நீல மையில் எழுதிய மூன்று வரி, பலம் என்ற வார்த்தைக்கு எதிரே காலியாகக் கிடக்கும் இடம். அந்தத் தாளை நோட்டிலிருந்து பிரித்து என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். மேரியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் புத்தகத்தில், ரமணி கோபித்துக்கொண்டாலும் சரி, இருபத்தேழுக்குப் பிறகு இருபத்தொன்பதுதான் வரும். இந்த முறை தெரிந்தே விட்டிருக்கிறேன்.