மூன்றாவது பிளக்கில் தண்ணீர்

புது பேட்டரி போட்டும், சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம்தான். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு ஷெட்டில் நின்ற அந்த நீலக் கார் பெரியப்பாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா' அவர். பிரான்சில் இருந்த மகளிடம் போகும்போது, "தம்பி, வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வைடா" என்று அப்பாவிடம் சாவியைக் கொடுத்திருந்தார். அப்பா சில மாதம் செய்தார், பிறகு மறந்தே போனார். இரண்டு வருடம் கழித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கடிதம் வந்த பிறகுதான் ஷெட்டுக்கு ஓடினார்.

"மெக்கானிக்க கூப்ட்டா தெருவே பேசும், அண்ணன் காதுக்குப் போயிடும். நம்பிக் குடுத்துட்டுப் போனாரே" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் முகம் சுளித்தால் அவருக்குச் சோறு இறங்காது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அக்காதான் தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நாமளே பாத்துடலாம்ப்பா" என்றாள். பதினோரு வயதுக்காரியான எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முழுப் பரீட்சை லீவில் இதைவிட என்ன வேண்டும்!

விளக்கைப் போட்டால் பளீரென்று எரிந்தது, ஆகவே பேட்டரியில் குறையில்லை. கியர் போடாமல் தள்ளினால் வண்டி சமர்த்தாக உருண்டது, கியரில் போட்டுத் தள்ளினால் மூன்று பேர் முக்கியும் அசையவில்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம், அது சுற்றிவிடும் உருளைகள் எல்லாம் கையாலேயே சுற்றின. "அப்போ இன்ஜினேதான் ஜாம்" என்றாள் அக்கா, ஏதோ பரிசு விழுந்ததுபோல. பிறகு இன்ஜின் மேலிருந்த ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். முதலும் இரண்டாவதும் காய்ந்திருந்தன. மூன்றாவது செக்கச்செவேலென்று துருவோடு வந்தது, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"மேல இருந்து தண்ணி எப்படி உள்ள போச்சு?" என்றார் அப்பா. ஓடாத வண்டியானாலும் போன ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டாமல் விடலாமா என்று, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் ஏர் ஃபில்டர் மூடியையும் கழற்றி, உள்ளே வரைக்கும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தவள் நான்தான். துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, 'எவ்ளோ சுத்தம் பாரு' என்று பெருமை வேறு. அழுதுகொண்டே சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிளக் இருந்த துளைகளில் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டோம். தினமும் பெரிய ஸ்பானரை மாட்டி இன்ஜினை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தோம். நான்காம் நாள் நகர்ந்தது! ஒரு விரல் அகலம்தான், ஆனால் நகர்ந்தது! அக்கா கத்திய கத்தலில், அப்பா காத்து வந்த ரகசியம் அரைத் தெருவுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜின் இருமி, உதறி, ஷெட் நிறையப் புகை கக்கி ஓடியபோது மூவரும் கரிக்கையோடு கட்டிக்கொண்டு குதித்தோம்.

ஞாயிறன்று அந்தக் காரிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டோம். கொஞ்ச தூரத்திலேயே அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். "என்னடா தம்பி, எங்கிட்ட இருந்தப்ப இவ்ளோ பொகை வராதே?"

பின் சீட்டில் நான் கரி போகாத விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டேன்.

"என் தப்புதாண்ணே. நாந்தான் சரியா பாத்துக்கல" என்றார் அப்பா.

பெரியப்பாவின் முகம் சுளித்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார்.

அந்த ஷெட்டை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். என் காரில் பானெட்டைத் திறந்தால் இன்ஜினை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன், அப்பா கண்ணாலேயே தடுத்துவிடுவார். இன்று தடுக்க அவரும் இல்லை, கேட்கப் பெரியப்பாவும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், தண்ணீர் அடித்தது நான்தான்.