கடைசி பெஞ்சு முன்னால் வந்த நாள்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு வருடம், காஜா பேராங் பகுதியில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் நான் முதலாம் வகுப்பு ஆசிரியை. முகத்தைப் பார்த்ததுமே இதற்குப் படிப்பு ஏறும், இதற்கு ஏறாது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிருக்குப் பொருத்தமாக மூக்கில் தடித்த கண்ணாடி வேறு.

கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் பெஞ்சில், மக்குகள் கடைசியில். இது என் சட்டம். கடைசி பெஞ்சில் ஒரு பெண், முதலாம் வகுப்பிலேயே மூன்றாவது வருடம். கரும்பலகையில் எழுதிப்போடும் பரீட்சைக்கு வெறும் தாளையே நீட்டுவாள். புத்தகத்தைக் கொடுத்தால் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். படிக்கச் சொன்னேனா, மோந்து பார்க்கச் சொன்னேனா என்பேன். வகுப்பே சிரிக்கும், அவளும் சிரிப்பாள்.

நகராட்சியில் புல் வெட்டும் அவள் அப்பா ஒருநாள் வந்தார். இந்த முறையும் தேறாவிட்டால் பள்ளியை நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். செய்யுங்கள், பிள்ளைக்கும் நிம்மதி என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். இன்ஸ்பெக்டர்கள் கடைசி பெஞ்சைத்தான் கேள்வி கேட்பார்கள் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதனால் அன்று காலை மக்குகளை முன்னாலும் கெட்டிக்காரர்களைப் பின்னாலும் மாற்றி உட்காரவைத்திருந்தேன். அந்த மனிதரும் பல வருடம் வாத்தியாராக இருந்தவராம். நேரே முதல் பெஞ்சுக்கு வந்து, அவளையே எழுப்பி, கரும்பலகையில் உள்ளதை வாசிக்கச் சொன்னார்.

ஐந்து வரியையும் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். கீழே இருந்த கணக்குக்கும் கேட்காமலே விடை சொன்னாள். இன்ஸ்பெக்டர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

இத்தனை நாளும் என்னை ஏமாற்றினாயா என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க இன்னிக்குத்தானே போர்டுல எழுதுனீங்க?"

மற்ற பிள்ளைகள் எல்லாம் மனசிலிருந்தே எழுதுகிறார்கள் என்று நினைத்திருந்தாளாம். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். குறை தலையில் இல்லை, கண்ணில். கண்ணாடி போட்டால் போதும், பள்ளியை நிறுத்தவேண்டாம் என்றேன். நிறுத்தமாட்டேன் என்று அவள் அப்பா உடனே ஒத்துக்கொண்டார். கண்ணாடிதான் அவருக்கு விளங்கவில்லை. என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சவங்கதானே டீச்சர் அதெல்லாம் போடுவாங்க?"

நானும் அதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.